அலுமாரிக்குள் இரண்டு குரல்

"இது என்ர இடம் காத்தமுத்து, விடியக்காலமை வந்து செருப்பை வைச்சிட்டுப் போனனான்—"

"செருப்புக்கு டிக்கெட் குடுப்பினமோ? ஆள் நிக்கவேணும் பூரணம், ஆள்—"

"ஆள் வெத்திலை வாங்கப் போனது, அதுக்குள்ள நீ—"

"வெத்திலை வாங்கப் போற ஆளுக்கு லோஞ்சு என்னத்துக்கு? வெத்திலைக் கடையிலயே குந்தியிருக்க—"

"என்ர செருப்பைத் தூக்கி எறிஞ்சது ஆர்? முதல் அதைச் சொல்லு!"

"எறியேல்லை. தள்ளி வைச்சனான். அதுவும் காலால."

"காலாலயோ! கேட்டியளோ சனங்களே, காலால—"

டொக், டொக் என்று கதவில் தட்டு விழுந்தது. இரண்டு குரலும் ஒரே நொடியில் அடங்கின. அடங்கத்தானே வேண்டும், இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவை.

"இஞ்ச பாருங்க," என்றாள் லைலா வெளியிலிருந்து. "சண்டை முடிஞ்சா என்ட நீலச் சாறியை எடுத்துத் தாங்க. கலியாண வீட்டுக்கு நேரமாகுது."

அலுமாரிக் கதவு திறந்தது. தொங்குகிற சாறிகளுக்கு நடுவே, கவிழ்த்து வைத்த வாளியில், கையில் போனோடு முனீப் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. தலையில் ஒரு சாறித் தலைப்பு.

"காலால எண்டு சொல்லக்குள்ள தட்டிப்போட்டியே புள்ள. அந்த இடத்திலதான் எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிச்சது காணும். வெளியில என்ன நடக்குதெண்டு தெரியுமா? பேணாட் ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருக்கார். பூரணத்தையும் காத்தமுத்தையும் கதைக்கிற ஆளைக் கண்டுபிடிக்கப் போறாராம். கடற்கரை விழாவில மாலையாம், பொன்னாடையாம், 'நகைச்சுவைத் திலகம்' எண்டு பட்டமாம்."

முனீப் சாறித் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

ஐம்பத்திரண்டு வயது முனீப்புக்கு வேலை, திருகோணமலை இறங்குதுறையில், கடல் கடந்து மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகுக்கு டிக்கெட் கொடுப்பது. பாலங்கள் போட்டு பஸ் ஓடத் தொடங்கிய பிறகு லோஞ்சை நம்பியிருக்கிற சனம் குறைந்துதான் போனது. என்றாலும் காலை லோஞ்சுக்கு ஒரு வரிசை நிற்கும். விடியவே வந்து செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு போய்த் தேத்தண்ணி குடிப்பது அங்கே பழக்கம். செருப்பு நின்றால் ஆள் நிற்கிற கணக்கு. ஒரு செருப்பு முன்னுக்கோ பின்னுக்கோ நகர்ந்துவிட்டால் அன்றைய சண்டை ரெடி.

டிக்கெட் அறைக்கு இருப்பது ஒரு யன்னல். யன்னலுக்குத் தகரம் அடித்து, தகரத்தின் அடியில் ஒரு கை போய்வருகிற அளவுக்கு ஓட்டை வெட்டியிருந்தார்கள். வெளியில் நிற்பவர்களுக்குத் தெரிவது முனீப்பின் வலது கை மட்டும்: மோதிர விரலில் பச்சைக்கல் மோதிரம், பெருவிரலில் முத்திரை மை. அந்தக் கைக்கு முகம் ஒன்று இருக்கும், முகத்தில் இரண்டு காது இருக்கும் என்று ஒருவரும் நினைத்ததில்லை. கைக்கு முன்னால் யாராவது கதையை மறைப்பார்களா? மாமியார் கதை, சம்பந்தம் குழம்பின கதை, வெளிநாட்டு மாப்பிள்ளைக்குத் தலையில் மயிரில்லாத கதை, எல்லாம் அந்த ஓட்டையால் உள்ளே விழும்.

அதிலும் இரண்டு பேர் இருந்தார்கள். ஓலைக்கூடை தூக்கி வருகிற நல்லம்மா; குடையும், சட்டைப் பையில் நாலாக மடித்த கொப்பித்தாளுமாக வருகிற சின்னராசா. இருவரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். அவர்களுடைய பெயர்கூட ஒருவரையொருவர் ஏசும்போது முனீப் கேட்டதுதான். நாள் தவறாமல் சண்டை பிடித்தார்கள். செருப்புக்குச் சண்டை, குடைக்கம்பி பட்டதற்குச் சண்டை, கருவாட்டு மணத்துக்குச் சண்டை. அனேகமான நாளில் சண்டை முடிவதற்குள் லோஞ்சு போய்விடும். "உம்மாலதான் போச்சு!" "உம்மாலதான்!" என்று ஆளுக்கொரு பக்கமாகப் போய்விடுவார்கள். மறுநாள் திரும்ப வருவார்கள். மூன்று வருடத்தில் ஒரு சண்டையையாவது இரண்டாம் தரம் போட்டதில்லை.

நல்லம்மா பூரணமானாள். சின்னராசா காத்தமுத்தானார். வெள்ளிக்கிழமைகளில் முனீப் அலுமாரிக்குள் ஏறி, இரண்டு குரலிலும் பேசிப் பதிந்து, பெயரில்லாத ஒரு கணக்கிலிருந்து வட்ஸ்அப்பில் விடுவார். பிறகு அதை ஓட்டோக்காரர் போடுவார், சலூன்காரர் போடுவார், கட்டாரில் இருக்கிற பிள்ளைகள் போடுவார்கள்.

"உங்களுக்கு என்ன பயம்?" என்று லைலா கேட்டாள். "களவெடுத்தீங்களா?"

"களவுதான் புள்ள. சனத்திட வாயில இருந்து எடுக்கிறன். அந்தக் கை நான்தானெண்டு தெரிஞ்சா சனம் வாயைக் கழுவிப்போட்டு வந்து நிக்கும். பிறகு நான் எதைக் கேட்கிற? எதைக் கதைக்கிற?"

"மாலை வருதெண்டா வேண்டாமெண்டு சொல்ற மனிசனைக் கட்டியிருக்கன்."

"மாலையைப் போட்டுக்கொண்டு அலுமாரிக்குள்ள இருக்கேலாது லைலா. விடமாட்டன். பேணாட் இல்ல, ஆர் வந்தாலும் பிடிபடமாட்டன்."

*

பேணாட் கடற்கரை விழாக் குழுவின் தலைவர். ஒரு காரியத்தைப் பிடித்தால் கணவாய் மீன் போல ஒட்டிக்கொள்கிற ஆள். கையில் போனோடு கடை கடையாக ஏறி, எல்லோரையும் 'செருப்பு' என்று சொல்லச் சொல்லி, பூரணத்தின் குரலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் இறங்குதுறைக்கு வந்தார்.

"முனீப் நானா, ஒருக்கா செருப்பு எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

முனீப் இருமினார். "தொண்டை… கட்டிப்போச்சு…" என்று கரகரத்தார்.

அந்தப் புத்தியை அவரே மெச்சிக்கொண்டது ஒரு நாள்தான். தொண்டை கட்டினவர் மறுநாளே தெளிவாகக் கதைக்கலாமா? ஒரு கிழமை கரகரத்தார். இரக்கப்பட்ட வரிசை, ஓட்டையால் கொத்தமல்லித் தண்ணீர்ப் போத்தலும் வேர்க்கொம்புச் சுக்கும் உள்ளே தள்ளியது. நடித்து நடித்தே தொண்டை உண்மையில் கட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை வந்தபோது பூரணத்தின் குரல் வரவில்லை; இரண்டு காத்தமுத்துதான் வந்தார்கள்.

அந்த வெள்ளி ஒன்றும் வெளியாகவில்லை. சனிக்கிழமையே பேணாட் முகநூலில் எழுதினார்: 'எங்கள் கலைஞருக்கு உடம்பு சரியில்லைப் போலும். எங்கிருந்தாலும் வாருங்கள். வைத்தியம் நாங்கள் பார்க்கிறோம்.'

"முடிச்சுப்போடுறன்," என்றார் முனீப், குரல் திரும்பியதும்.

"எதை?"

"பூரணத்தையும் காத்தமுத்தையும். சமாதானமாக்கி, லோஞ்சில ஏத்தி, அனுப்பிவிடுறன். ஆள் இல்லையெண்டா தேடமாட்டாங்கதானே?"

அதுதான் அவர் சொந்தமாக யோசித்துச் செய்த முதல் துண்டு. பூரணம் காத்தமுத்துவுக்கு இடம் விட்டாள். காத்தமுத்து பூரணத்தின் கூடையைத் தூக்கினார். இருவரும் லோஞ்சில் ஏறி, "போட்டு வாறம் சனங்களே" என்றார்கள். பதியும்போது முனீப்பே ஒரு சொட்டு அழுதார்.

ஊர் அழுதது. லிங்கநகரில் ஒரு சந்திக்கு, செத்தவீட்டுக்குப் போல வெள்ளைக்கொடி கட்டினார்கள். மறுநாள் காலையில் இறங்குதுறைக்குப் போன முனீப் மலைத்துப் போனார். வாழ்நாளில் லோஞ்சில் ஏறாத சனமெல்லாம் வரிசையில் நின்றது. எல்லோரும் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துப் படம் எடுத்தார்கள். இருநூறு சோடி செருப்பு. எது யாருடையது என்று தெரியாமல், உண்மையாகவே மூதூருக்குப் போகிறவர்கள் வெறுங்காலோடு ஏறினார்கள்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு நல்லம்மா யன்னலடிக்கு வந்தாள். அன்றைக்கு அவள் சின்னராசாவை ஏசவில்லை. தகரத்தைப் பார்த்துக்கொண்டு, "அரைவாசியில விட்டிட்டு ஓடுற ஆக்களை எனக்குக் கண்ணில காட்டேலாது," என்றாள்.

"கூடையைத் தூக்கினாராம், கூடையை," என்றார் பின்னால் நின்ற சின்னராசா. "நான் செத்தாலும் தூக்கன்."

கடுமையாகத்தான் கோபப்படுகிறார்கள், ஆனால் எதற்கென்று விளங்கவில்லையே என்று முனீப் நினைத்தார். அதற்குள் வரிசை தள்ளிவிட்டது.

*

"நுஸ்கிதான் அந்த ஆளெண்டு சொல்லுவம்," என்றாள் லைலா.

நுஸ்கி லைலாவின் தம்பி. துறைமுக வீதியில் போன் கடை வைத்திருக்கிறான். கடையின் பெயர்ப்பலகையில் தன்னுடைய படத்தையே போட்டிருப்பவன். முனீப் ஓடி ஒளிகிற புகழுக்கு அவன் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைந்தான்.

"நான் தானெண்டு சொன்னாக் காணுமா மச்சான்? வேற ஒண்டும் செய்யத் தேவையில்லயா?"

"ஒண்டும் செய்யாத. அதுதான் முக்கியம்."

"அது எனக்குச் சுகம்."

நுஸ்கி சொன்னான். ஊர் நம்பியது. கடையில் கால் வைக்க இடமில்லை. இறங்குதுறையில் கூட்டம் கலைந்தது. வரிசை பழையபடி சிறுத்தது. மாமியார் கதைகள் திரும்ப ஓட்டையால் விழத் தொடங்கின. நல்லம்மாவும் சின்னராசாவும் தேங்காய்க்குச் சண்டை பிடித்தார்கள். சண்டையின் நடுவில் சின்னராசா சற்றுத் தடுமாறி நிற்க, நல்லம்மா, "பிறகு? சொல்லுமன்!" என்று அதட்டினாள். ஏச்சு வாங்குவதற்குக்கூட அவசரப்படுகிற மனிசி என்று முனீப் உள்ளே சிரித்துக்கொண்டார். நாலு நாள் சொர்க்கம்.

ஐந்தாம் நாள் நுஸ்கி வானொலியில் பேசினான்.

"நீங்கள் எங்க இருந்து இந்தக் கதைகளை எடுக்கிறீங்கள்?"

"அது வந்து… லோஞ்சு டிக்கெட் குடுக்கிற இடத்திலதான். வரிசையில நிக்கிற சனம் என்னென்ன கதைக்குதெண்டு அப்பிடியே எடுப்பன். பிறகு ஒரு அலுமாரிக்குள்ள இருந்து கதைப்பன். அலுமாரி இல்லாம எனக்குக் குரலே வராது."

மறுநாள் வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொருவரும் திரும்பித் திரும்பி, நுஸ்கி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று பார்த்தார்கள். ஒரு மனிசி மருமகளைப் பற்றித் தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, "தங்கமான பிள்ளை" என்று முடித்தாள்.

முனீப் டிக்கெட் அறையைப் பூட்டிய வேகத்தில் போன் கடைக்குப் போனார்.

"ஒண்டும் செய்யாதயெண்டு சொன்னனா இல்லையா?"

"கேட்டாங்க மச்சான், சொன்னன். நீங்க அதை விடுங்க. பேணாட் அண்ணன் வந்தவர். விழாவில மேடையில வைச்சு நேரடியாச் செய்து காட்டவேணுமாம்."

"ஏலாதெண்டு சொல்லு."

"ஓமெண்டு சொல்லிட்டன்."

"உனக்குப் பூரணம் வருமாடா?"

நுஸ்கி தொண்டையைச் செருமி, பூரணத்தைச் செய்து காட்டினான். தெருவில் போன ஒருவர் நின்று, "தம்பிக்கு என்ன, விக்கலோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நுஸ்கி முனீப்பின் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், நான் அவமானப்பட்டா அவங்க கிண்டிப் பார்ப்பாங்க. கிண்டினா நீங்கதான் வருவீங்க."

முனீப் நிமிர்ந்து, பெயர்ப்பலகையிலிருந்த நுஸ்கியின் படத்தைப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "அலுமாரி இல்லாமக் குரல் வராதெண்டு சொன்னதானே? அப்ப அலுமாரியையே ஏத்து."

*

விழா மாலை ஐந்து மணிக்கு. கடற்கரை வீதியில் மேடை, மேடைக்கு வாழை, தென்னங்குருத்துத் தோரணம். நடுவில் லைலாவின் அலுமாரி. உள்ளே சாறிகளுக்கு நடுவே வாளியில் முனீப். அவர் வாய்க்கு நேரே, சட்டை கொழுவுகிற கம்பியில் கட்டிய மைக். வெளியே, கழுத்தில் முழங்கால் வரை தொங்குகிற மாலையோடு நுஸ்கி. அவன் கையிலிருந்த மைக் வேலை செய்யாது.

"என்ட சாறிகளில வேர்வை படாம இருங்க," என்பதுதான் லைலா கடைசியாகச் சொன்ன புத்திமதி.

பேணாட் அறிவித்தார். நுஸ்கி வாயசைத்தான். அலுமாரி கதைத்தது.

"இது என்ர இடம் காத்தமுத்து!"

"செருப்புக்கு டிக்கெட் குடுப்பினமோ?"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முனீப்புக்கு உள்ளே இருட்டு. சிரிப்பு மட்டும் கேட்டது. இத்தனை வருடத்தில் தன் கதைக்குச் சனம் சிரிக்கிற சத்தத்தை அவர் நேரில் கேட்டதில்லை. கொஞ்சம் தன்னை மறந்தார். பூரணத்துக்குச் சுருதி ஏறியது.

அந்த நேரம் பார்த்து மான் வந்தது. திருகோணமலையில் மான் வீதியில் திரிவதும், கடைக்காரன் கண்மூடினால் வாழைக்குலையில் வாய் வைப்பதும் புதினமில்லை. இது நல்ல கொம்பு வளர்ந்த கலைமான். மேடைப் பலகையில் நிதானமாக ஏறி, வாழையை ஒருதரம் முகர்ந்து பார்த்து, அதைவிட நுஸ்கியின் மாலை நல்லது என்று முடிவுசெய்தது. மாலையின் நுனியைக் கவ்வி இழுத்தது. நுஸ்கி, வாயசைப்பதை விட்டுவிட்டு, "உம்மா!" என்று கத்திக்கொண்டு மேடையிலிருந்து கீழே பாய்ந்தான். மான் மாலையோடு பின்னால் பாய்ந்தது.

அலுமாரி தொடர்ந்தது.

"என்ர செருப்பைத் தூக்கி எறிஞ்சது ஆர்?"

"எறியேல்லை. தள்ளி வைச்சனான்."

வெறும் மேடை. நடுவில் ஒரு அலுமாரி தனக்குத்தானே சண்டை பிடிக்கிறது. சனத்தின் சிரிப்பு நின்று, கொஞ்சம் பயம் பிடித்து, பிறகு முன்னையைவிட மூன்று மடங்காக வெடித்தது. முனீப் அதைத் தன் திறமை என்றே நினைத்தார். "காலாலயோ! கேட்டியளோ சனங்களே—" என்று உச்சத்துக்குப் போனபோது பேணாட் அலுமாரிக் கதவைத் திறந்தார்.

சாறிகள் மூடியிருந்தபடியால் ஆள் தெரியவில்லை. வெளிச்சம் வந்ததும் முனீப் என்ன நினைத்தாரோ, இருபது வருடப் பழக்கம், சாறிகளின் இடுக்கால் வலது கையை வெளியே நீட்டினார்.

பச்சைக்கல் மோதிரம். பெருவிரலில் மை.

"அட, எங்கட டிக்கெட் குடுக்கிற கை!" என்று முன்வரிசையில் ஒருவர் எழும்பினார். ஊரே எழும்பியது.

பிறகு நடந்ததை முனீப் தடுக்கப் பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. மான் தின்றது போக மிஞ்சின மாலை கழுத்தில் விழுந்தது. பொன்னாடை விழுந்தது. மைக் வாய்க்கு நேரே வந்தது.

"சொல்லுங்கோ நானா, இந்தத் திறமை எங்க இருந்து வந்தது?"

முனீப் நேர்மையான மனிசர். பிடிபட்ட பிறகும் பொய்யைத் தூக்கிச் சுமக்க அவரால் ஏலவில்லை.

"இது என்ட திறமை இல்ல. என்ட வரிசையில நிக்கிற ரெண்டு பேரிட திறமை. அவங்களுக்குத் தெரியாம அவங்கட சண்டையை எடுத்தன். இந்தப் பொன்னாடை அவங்களுக்குச் சேரவேணும்."

"அவையையும் மேடையில ஏத்துவம்!" என்று பேணாட் கையை உயர்த்தினார். "அடுத்த மாதமே!"

சனம் கைதட்டிய தட்டில் அலுமாரியின் ஒரு கதவு கழன்றது.

*

அடுத்த நாள் தொடக்கம் இறங்குதுறை வரிசை, பரிசளிப்பு விழாவுக்கு வந்தது போல நின்றது.

"வணக்கம் ஐயா. மூதூருக்கு ஒரு பயணச்சீட்டு வழங்க முடியுமா?" என்று கேட்டவர் ஒரு மீன் வியாபாரி. நேற்றுவரை அவர் வாயிலிருந்து முனீப் இரண்டு வெள்ளிக்கிழமைக்குப் போதுமான ஏச்சு எடுத்திருக்கிறார்.

இன்னொருவர் ஓட்டையில் வாயை வைத்தார். "நானா, என்ர மாமியைப் பற்றி ஒண்டு போடுங்கோவன். பேர் போடத் தேவையில்லை. வீட்டு இலக்கம் போட்டாக் காணும்."

ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, "மாமாட கையைத் தொடு ராசா, நல்லாக் கதை வரும்," என்றாள்.

கறுப்புச் சீலையால் முனீப் ஓட்டையை மறைத்துப் பார்த்தார். சீலையைத் தூக்கிப் பார்க்கவே தனி வரிசை சேர்ந்தது. இடது கையால் டிக்கெட் கொடுத்துப் பார்த்தார். இடது கையும் படத்தில் வந்தது. மூன்று வெள்ளிக்கிழமை, அலுமாரிக்குள் போய் வாளியில் குந்தியிருந்துவிட்டு, ஒரு சொல்லும் இல்லாமல் வெளியே வந்தார்.

"நீங்களே ஒண்டை யோசிச்சுச் சொல்லுங்களன்," என்றாள் லைலா. அவள் இப்போது பகிடி பண்ணவில்லை.

"யோசிச்சுச் சொன்னா கூடையைத் தூக்கிற கதைதான் வருகுது புள்ள. எனக்குக் கேட்கத்தான் தெரியும்."

எல்லாவற்றிலும் பெரிய அடி, நல்லம்மாவும் சின்னராசாவும் வராமல் போனதுதான். விழாவுக்கு மறுநாள் தொடக்கம் இரண்டு பேரும் இல்லை. பேணாட் படம் பிடிக்கிற ஆளோடு ஒவ்வொரு காலையும் தேத்தண்ணிக் கடையில் காவலிருந்தார். முனீப் ஒவ்வொரு நாளும் ஓட்டையால் குனிந்து செருப்புகளைப் பார்த்தார். சின்னராசாவின் மண்ணிறச் செருப்பு இல்லை. நல்லம்மாவின் மண்ணிறச் செருப்பும் இல்லை.

இரண்டு பேரையும் தேடிக் கண்டுபிடிப்பேன் என்று முனீப் தனக்குத்தானே சத்தியம் பண்ணியிருந்தார். களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேடையில், பேர் சொல்லி, ஊர் பார்க்க. அதற்குப் பிறகுதான் அலுமாரி.

இருபத்திரண்டாம் நாள் நல்ல மழை. பேணாட் இன்னும் வந்திருக்கவில்லை. வரிசையும் இல்லை. ஒரு ஓட்டோ வந்து நின்றது. அதற்குள்ளிருந்து ஓலைக்கூடையும் குடையும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ஒரே குடைக்குள் இரண்டு பேரும் யன்னலடிக்கு வந்தார்கள்.

"அக்கா!" முனீப் அறைக்கதவைத் திறக்கவே மறந்து, ஓட்டையால் கத்தினார். "எங்க போனீங்க? ஊரே உங்களைத் தேடுது!"

"அதுதான் தம்பி வரேல்லை," என்றாள் நல்லம்மா.

"பயப்படாதீங்க. உங்கட சண்டையை உங்களுக்குத் தெரியாம நான் எடுத்தது பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்க ரெண்டு பேரும். அதுக்குத்தான் மேடை. பொன்னாடை உங்களுக்கு, மாலை அண்ணனுக்கு. உங்கட பேரை நானே மைக்கில சொல்லப் போறன்."

சின்னராசா நல்லம்மாவைப் பார்த்தார். நல்லம்மா தலையாட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கொப்பித்தாளை எடுத்து, மழை படாமல் கையால் மறைத்து, ஓட்டையால் உள்ளே தள்ளினார்.

முனீப் தாளைப் பிரிக்காமலே கேட்டார்: "பொலிசுக்குக் குடுக்கிற முறைப்பாடா அண்ணன்?"

நல்லம்மா ஒருதரம் தேத்தண்ணிக் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, வாயை ஓட்டைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"முறைப்பாடு இல்லைத் தம்பி, அது வாற வெள்ளிக்கிழமைச் சண்டை, மூண்டு வருஷத்துக்கு முதல், ஒரே ஒரு நாள் நானும் இந்தா நிக்கிற என்ர மனிசனும் இதில நிண்டு உண்மையாச் சண்டை பிடிச்சம், அடுத்த கிழமை அது போனில வந்து ஊர் சிரிச்சுது, அண்டையில இருந்து ரெண்டு பேரும் வீட்டில இருந்து எழுதிப் பாடமாக்கி, மூதூரில ஒரு சொந்தமும் இல்லாமல் டிக்கெட் எடுத்து, உங்கட கைக்கு முன்னால வந்து நடிக்கிறம், மாலையும் பொன்னாடையும் நீங்களே வைச்சிருங்கோ ராசா, எங்கட பேர் மட்டும் வெளியில வந்துதெண்டா எங்களால ஒரு வரி எழுத ஏலாது."